கழுவெளி வழியாக ஒரு சுறாவைத் தேடி

கீழ்பென்னாத்தூரிலிருந்து கடல் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நடுவில் வேர்க்கடலைக் கொல்லை, கரும்பு, செஞ்சி மலைகள், திண்டிவனத்து நெரிசல். ஆனாலும் ஊர்க் கருவாட்டுக் கடையில் கடல் வந்து உட்கார்ந்திருக்கிறது. நெத்திலி, காரப்பொடி, வாளை என்று சாக்கு விரித்துக் குவித்திருப்பார்கள். அவற்றுக்குப் பக்கத்தில், பழுப்பேறிய துண்டுகளாக, சுறாக் கருவாடு. "பிள்ளை பெத்தவங்களுக்கா, சும்மா குழம்புக்கா?" என்று கேட்ட பிறகுதான் கடைக்கார அம்மா தராசைத் தொடுவார். தாய்ப்பால் ஊறுவதற்கு என்றால் இளசாகப் பார்த்து எடுப்பார். குழம்புக்கு என்றால் கைக்கு வந்தது. என்ன சுறா என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "பால்சுறா தம்பி. பாண்டியில இருந்து வருது."

பங்குனியில் ஊர் ஏரி பாதிக்கு மேல் வற்றிவிடும். நடுவில் தேங்கிய தண்ணீரைச் சுற்றி ஈரச்சேறு வளையமாகக் கிடக்க, அதில் பொறி உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும். பட்டாணி உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஆடு மேய்ப்பவர்கள் இவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பொறி உள்ளான் வடக்கே ரஷ்யக் காடுகளின் சதுப்பில் முட்டையிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆகக் கடல் காணாத ஊருக்குச் சுறாவும் வருகிறது, கரைப்பறவையும் வருகிறது. ஒன்று உப்பு போட்டு, இன்னொன்று தன் இறக்கையில்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அந்த அம்மா சொன்ன "பாண்டியில இருந்து". பாண்டியின் பெயரையே தாங்கிய சுறா ஒன்று உண்டு: பாண்டிச்சேரி சுறா. உலகத்தில் ஏதோ ஒரு கடலில் அது இன்னும் நீந்துகிறதா என்பதே சந்தேகம். அந்த ஊருக்குப் போகும் வழியில், மரக்காணத்துக் கழுவெளியில், இன்னொரு உயிர் இதே பங்குனியில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கும்: வளைமூக்கு உள்ளான். அதுவும் அருகிவரும் பட்டியலில் இருக்கிறது. ஒரே கரையின் இரண்டு பட்டியல்வாசிகளையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். ஒன்றைப் பார்க்க முடியாது என்று தெரிந்தேதான்.

திண்டிவனம் பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. சாலையின் இருபுறமும் பாறைமேல் பாறை ஏற்றிய குன்றுகள். செஞ்சி நெருங்கும்போது ராஜகிரி தலை காட்டுகிறது. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியல் ஏறியது முதல் இங்கே கார்கள் கூடியிருக்கின்றன. என் கவனம் மராத்தியரிடம் இல்லை, பிரெஞ்சுக்காரரிடம். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை செஞ்சியைப் பிடித்தபோது புதுச்சேரியின் கை இந்த மலை வரை நீண்டிருந்தது. 1761இல் அது சுருங்கிவிட்டது. ஆனால் துறைமுகம் மட்டும் பிறகு மீண்டும் பிரெஞ்சுக் கைக்கு வந்ததால் ஒரு விளைவு. சோழமண்டலக் கரையில் பிடிபட்ட மீனும் பறவையும் பாம்பும் சாராயத்தில் ஊறி கப்பலேறி பிரான்ஸ் போய்க்கொண்டே இருந்தன.

அப்படிப் போனவற்றில் ஒன்றுதான் இந்தச் சுறா. பெர்லினில் இருந்த உடற்கூறு அறிஞர்கள் இருவர், யோஹான்னஸ் மியூலரும் யாக்கோப் ஹென்லேயும், உலகத்துச் சுறா, திருக்கை எல்லாவற்றையும் ஒரே நூலில் அடக்கப் புறப்பட்டார்கள். நூல் 1838 முதல் 1841 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. (சிறுநீரகப் பாடத்தில் ஹென்லே வளைவு என்று பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தோமே, அதே ஹென்லே.) 1839இல் வந்த பகுதியில் புதுச்சேரிச் சுறாவுக்குப் பெயர் சூட்டப்பட்டது. விவரம் தந்தவர் பாரிஸின் மீனியல் அறிஞர் வாலென்சியென். கார்க்காரைனஸ் ஹெமியோடான் என்பது இன்று வழங்கும் அறிவியல் பெயர்.

பெயர் கிடைத்தது. அதற்குப் பிறகு கிடைத்தது மிகக் குறைவு. உலக அருங்காட்சியகங்கள் அனைத்திலும் சேர்த்து இந்த இனத்தின் மாதிரிகள் இருபதுக்கு உள்ளேதான். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, நீண்டு கூர்ந்த மூக்கு, பக்கத் துடுப்பிலும் இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் வால் நுனியிலும் கருப்பு. ஆள் பெரியதல்ல, ஒரு மீட்டர் சுமார். இந்தியா, பாகிஸ்தான், போர்னியோ, ஜாவா என்று மாதிரிகள் கிடைத்த இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. கடைசியாக உறுதியாகப் பதிவானது 1979இல். அதற்குப் பிறகு ஆற்று முகத்தில் பார்த்தோம், அலையாத்தியில் பார்த்தோம் என்று அவ்வப்போது செய்தி வரும். ஆய்வாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டது ஒன்றுமில்லை. காணாமல்போன உயிரினங்களில் உலகமே தேட வேண்டிய 25 என்று 2017இல் ஓர் அமைப்பு பட்டியல் போட்டபோது அதில் இதுவும் ஒன்று.

எத்தனை குட்டி போடும்? எந்த மாதம்? எந்த ஆழத்தில்? ஒருவரும் பார்த்து எழுதவில்லை. உறவுச் சுறாக்களை வைத்து ஊகிக்கலாம். அவை ஏறக்குறைய மனிதர்களைப் போலவே மாதக்கணக்கில் சுமந்து, ஈற்றுக்கு விரல்விட்டு எண்ணும் அளவு குட்டிகளைப் போடுபவை. பருவத்துக்கு வரவே சில ஆண்டுகள் பிடிக்கும். மத்தியும் நெத்திலியும் ஆண்டுக்காண்டு கொட்டுவதுபோல் சுறா கொட்டாது. ஒரு கரையில் பெரிய சுறாக்களை அரித்துவிட்டால் அந்தக் குடும்பம் எழுந்து நிற்க ஒரு தலைமுறை போதாது.

திண்டிவனத்தில் வண்டி மாறி மரக்காணம். வெயில் ஏறிவிட்டது. ஆட்டோக்காரரிடம் கழுவெளி என்றதும் "பறவை பாக்கவா சார்? எல்லாம் போற நேரம் இது, தை மாசம் வந்திருக்கணும்" என்றார். தை மாதம் பூநாரை பார்ப்பதற்கு. எனக்கு வேண்டியது போகிற நேரம்தான்.

கழுவெளி ஏரி என்று சொன்னால் அது பாதி உண்மை. சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்த மழைத்தண்ணீர் எல்லாம் இந்தத் தாழ்வான தட்டில் வந்து நிற்கும். கிழக்கே உப்புக்கழி ஓடை வழியாக இடையன்திட்டு முகத்துவாரத்தோடும் கடலோடும் தொடர்பு. ஐப்பசி கார்த்திகையில் நன்னீர், தை தாண்டினால் உப்பு ஏறும், பங்குனியில் சேறு, சித்திரையில் வெடிப்பு. தென்னிந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரியது என்பார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஐயாயிரம் ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பு. 2024 ஆகஸ்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தளமும் ஆனது. அறிவிப்புப் பலகைக்கு வெளியே உப்பளம், இறால் பண்ணை, ஏரி விளிம்பில் ஏறிவிட்ட நெல் வயல். முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் ஒன்று பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது.

சேற்றின் ஓரத்தில் கருவேல நிழலில் நின்று இருநோக்கியை வைத்துப் பார்த்தேன். முதலில் கண்ணில் படுபவை கருவால் மூக்கன்கள். உயரம், நீண்ட நேர் மூக்கு, வயிறு வரை தண்ணீர். அதற்கு இப்பால் கணுக்கால் தண்ணீரில் தலை குனிந்து தையல் இயந்திர ஊசியாகக் குத்திக்கொண்டு போகிற கூட்டம். கொசு உள்ளானைவிடப் பெரிது, மூக்கு நுனி கீழ்நோக்கி மெல்ல வளைந்தது. வளைமூக்கு உள்ளான். ஒரு திட்டிலேயே சில நூறு இருக்கும். பெரும்பாலானவை குளிர்காலச் சாம்பல் உடையில் இருந்தாலும் சிலவற்றின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறியிருந்தது. கலியாண உடை. சைபீரியாவின் தைமிர் தீபகற்பம் போய்ச் சேர்வதற்குள் அது முழுக்கச் சிவந்துவிடும்.

இவ்வளவு கூட்டத்தைப் பார்த்துவிட்டு இதற்கு ஆபத்து என்றால் யார் நம்புவார்கள்? நம்புவது கடினம் என்பதாலேயே பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் எத்தனை மிச்சம் என்பதோடு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்றும் கேட்கிறது. ஒரு உயிரினத்தின் மூன்று தலைமுறைக் காலத்துக்குள் 30 விழுக்காடோ அதற்கு மேலோ சரிந்தால் அது அழிய வாய்ப்புள்ள இனம். 80 விழுக்காட்டைத் தொட்டால் அற்றுப்போகும் தறுவாய். 2024 அக்டோபரில் கரைப்பறவைகள் பலவற்றின் நிலையை ஒன்றாக இறக்கினார்கள். வளைமூக்கு உள்ளான் ஒரு படி கீழே போய் 'அழிய வாய்ப்புள்ளது' ஆனது. சாம்பல் உப்புக்கொத்தியும் அதே படிக்கு வந்தது. பாண்டிச்சேரி சுறா 'அற்றுப்போகும் தறுவாயில்' உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது.

இந்தச் சரிவு எப்படித் தெரிந்தது? எண்ணியதால் தெரிந்தது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் ஊர் ஊராகப் பறவை எண்ணுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் உள்பட. எல்லாவற்றுக்கும் முன்னே கோடியக்கரை. சாலிம் அலி தொடங்கிவைத்த வளையமிடும் பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தது. அந்தக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அந்தச் சேற்றில் கழித்தவர். பறவையைப் பிடிக்க, காலில் எண்ணிட்ட வளையம் மாட்டி விட, ஆள் வேண்டுமே. பீகாரின் மீர்ஷிகார் குடியினரை அழைத்தார்கள். பரம்பரைப் பறவை வேட்டைக்காரர்கள். அவர்களில் அலி ஹுசேன் என்பவர் காயமில்லாமல் எந்தப் பறவையையும் பிடிப்பவர் என்று பெயர் எடுத்து, கொக்கு பிடித்துத் தர அமெரிக்கா வரை போனார். வேட்டைக்காரரின் கைவித்தை ஆய்வுக் கருவியான கதை இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுறாவுக்கு இது நடக்கவில்லை என்பதுதான் என் குறை.

வளைமூக்கு உள்ளானைப் பற்றியும் ஒருகாலத்தில் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. ஐரோப்பியர் 1763இலேயே பெயர் சூட்டிவிட்டார்கள். முட்டை எங்கே இடுகிறது என்பதை நூற்றாண்டுக்கு மேலாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1897இல் பாப்ஹம் என்ற ஆங்கிலேயர் யெனிசெய் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கூட்டைக் கண்டார். இன்று கூட்டில் நடப்பது வரை தெரியும். ஆண் முன்கூட்டியே தெற்கே கிளம்பிவிடும். தாய் நான்கு முட்டை பொரித்துக் குஞ்சுகளை வளர்த்துவிட்டு அதுவும் போய்விடும். குஞ்சுகள் வழி காட்ட ஆளின்றி, பிறந்து சில வாரங்களிலேயே இந்தக் கரைக்கு வந்து சேரும். வட துருவப் பகுதியில் லெம்மிங் என்ற எலி பெருகும் ஆண்டில் நரிகளுக்கு எலியே போதும். எலி சரியும் ஆண்டில் நரி உள்ளான் கூட்டைத் தேடும். அந்த ஆண்டு ஆவணியில் தமிழ்க் கரைக்கு வரும் இளம்பறவை குறைவு. வட துருவத்து எலிக்கும் மரக்காணத்துச் சேற்றுக்கும் இப்படி ஒரு கணக்கு. அந்தக் கணக்கு இப்போது வெப்பமாதலால் குழம்பிவருகிறது.

நின்றுகொண்டிருந்த இடத்துக்கு எருமை ஓட்டிக்கொண்டு பெரியவர் ஒருவர் வந்தார். என்ன பார்க்கிறேன் என்று கேட்டார். உள்ளான் என்றேன்.

"உள்ளானா? அதெல்லாம் ஒரு காலத்துல கண்ணி வெச்சி எடுப்பாங்க. கோழிக்கறி எல்லாம் பக்கத்துலயே வர முடியாது."

"இப்ப?"

"ஃபாரெஸ்ட்காரங்க விடுறதில்ல. நல்லதுதான், இருந்துட்டுப் போவட்டும். ஆனா முந்தி மாதிரி வரதில்லயே. நான் சின்னப் புள்ளயா இருக்கச்சொல்ல ஒரு தடவ கெளம்புனா வெயில மறைக்கும்."

அவர் சொன்னதைப் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கணக்கெடுப்புத் தாள்களும் அதே பக்கம்தான் சாய்கின்றன. பறவைக்குத் தேவைப்படுவது சில சென்டிமீட்டர் ஆழம்தான். கால் அவ்வளவு, மூக்கு அவ்வளவு. அணை கட்டி ஒரு அடி தண்ணீர் நிறுத்தினால் மூக்கு எட்டாது. உப்பளத்துக்குப் பாத்தி கட்டிக் காயவைத்தால் புழு செத்துப்போகும். ஏரியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து நாம் சந்தோஷப்படலாம். உள்ளானுக்குப் பிடித்தது வற்றும் ஏரி. சரணாலயம் என்று பெயர் வைத்தவர்களும் இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கரண்டிமூக்கு உள்ளானைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று பறவை ஆர்வலர்கள் கேட்பார்கள். உலகத்தில் சில நூறே மிஞ்சிய நட்சத்திரம் அது, ஒருகாலத்தில் கோடியக்கரைக்கும் வந்தது. அதற்குப் பேச ஆள் இருக்கிறது. கூட்டமாக நிற்பதாலேயே யாரும் கவலைப்படாத பறவைதான் எனக்கு முக்கியம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்து பறந்தது. இடப்புறம் கடல் வந்து வந்து மறைய, வலப்புறம் உப்புக் குவியல்கள், பிறகு சவுக்குத் தோப்பு, ரிசார்ட் பலகை. பேருந்தில் யோசித்ததைச் சொல்கிறேன். பறவைக்கு முகவரி இருக்கிறது. கழுவெளி, கோடியக்கரை, தைமிர். எந்த மாதம் எந்த முகவரியில் இருக்கும் என்று தெரியும். எனவே அந்த இடத்தை அறிவிக்கலாம், வேலி போடலாம், வழக்குப் போடலாம், தோற்கலாம், மறுபடி போடலாம். சுறாவுக்கு முகவரி இல்லை. அதற்கு இருப்பது சட்டம் மட்டும்.

அந்தச் சட்டத்தின் கதை சுவாரசியமானது. 2001 ஜூலையில் நடுவண் அரசு எல்லாச் சுறாவையும் எல்லாத் திருக்கையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒரே அடியாகத் தூக்கி வைத்தது. புலிக்குச் சமமான இடம். கரை முழுக்க மீனவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமே. வலையில் எது விழும் என்று யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்? அதே ஆண்டு டிசம்பரில் பட்டியலைப் பத்து இனங்களுக்குச் சுருக்கினார்கள். திமிங்கலச் சுறா இருந்தது, வேளா இருந்தது, கங்கைச் சுறா இருந்தது, பாண்டிச்சேரி சுறாவும் இருந்தது. இருபதாண்டுகளுக்கு மேலாக யாரும் பார்க்காத மீனைப் பிடித்தால் சிறை. இன்றும் அப்படித்தான். சுறாப் பீலி, அதாவது துடுப்பு, ஏற்றுமதிக்கு 2015 பிப்ரவரியில் தடை வந்தது. குமரி மாவட்டத்துத் தூத்தூரில் ஆழ்கடலுக்குத் தூண்டில் கட்டிப் போய்ச் சுறா பிடித்தே பிழைத்த ஊர்களுக்கு அது பெரிய அடி. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த மாநாட்டில் பாண்டிச்சேரி சுறா சேர்ந்த குடும்பம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். நாடு கடந்து விற்க அனுமதிச் சீட்டு வேண்டும். புதுச்சேரியிலிருந்து கீழ்பென்னாத்தூருக்குக் கருவாடு போக எந்தச் சீட்டும் வேண்டியதில்லை.

சட்டம் தவறு என்று நான் சொல்லவில்லை. 1970க்குப் பிறகு உலகின் திறந்த கடல் சுறா, திருக்கை எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்தது என்று 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. அதே ஆண்டு இன்னொரு ஆய்வு, சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அழிவின் அபாயத்தில் இருப்பதாகவும் காரணம் மிதமிஞ்சிய மீன்பிடிப்பே என்றும் காட்டியது. ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் பறவையை உயிரோடு எண்ணுகிறோம், சுறாவைச் செத்த பிறகுதான் எண்ணுகிறோம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இறங்குதளங்களில் நின்று கணக்கெடுப்பதுதான் நம்மிடம் உள்ள நல்ல கணக்கு. ஆய்வாளர் வந்து சேர்வதற்குள் சுறா தலை வேறு, துடுப்பு வேறு, உடல் வேறாகப் பிரிந்துவிட்டால் எந்த இனம் என்று சொல்ல மரபணுச் சோதனைதான் வழி. சின்னச் சுறா எல்லாமே சந்தையில் பால்சுறா. உண்மையான பால்சுறா அதில் உண்டு, பெரிய இனங்களின் குட்டிகளும் உண்டு. ஒரு மீட்டர் வளர்ந்த பாண்டிச்சேரி சுறா அந்தக் குவியலில் கிடந்தாலும் அதன் பெயர் பால்சுறாதான்.

இரவு புதுச்சேரியில் தங்கிவிட்டு விடியுமுன் தேங்காய்த்திட்டுத் துறைமுகம் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அதற்கு முன் கடைசி வாரங்களில் ஒரு நாளைக்கூட வீணாக்க யாருக்கும் மனமில்லை. படகுகள் ஒன்றோடொன்று உரசி நின்றன. ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலக்காரரின் தொண்டை, தலைக்குக் கூடை ஏற்றும் பெண்கள். உள்ளான்கள் வடக்கே பறந்து முடிக்கிற அதே காலத்தில்தான் படகுகள் கட்டப்படும் என்று தோன்றியது. தடைக்காலத்தின் நோக்கம் மீன் இனப்பெருக்கம். அந்த இரண்டு மாதம் பாண்டிச்சேரி சுறாவுக்கும் பேறுகாலமா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

வஞ்சிரமும் சங்கராவும் முதலில் போய்விட்டன. திருக்கையைத் தனியாக விரித்திருந்தார்கள். சுறா ஒரு மூலையில் கூறு கட்டி வைக்கப்பட்டிருந்தது. முழங்கை நீளம், சாம்பல், வயிறு மேலாக. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். துடுப்பு நுனியில் கருப்பு உள்ளவை நிறையவே இருந்தன. இந்தக் கரையில் கரு நுனிச் சுறா பல இனம். பல் வடிவம், முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம், மூக்கின் நீளம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால்தான் பிரிக்க முடியும். அதற்கு எனக்குத் திறமை போதாது, ஏலக்காரருக்கு நேரம் போதாது.

மூலையில் மரக்கட்டையின் மேல் சுறா அறுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அரிவாள்மணைபோல ஊன்றிய கத்தியில் துடுப்பு, தலை, குடல் என்று கண்மூடி அறுக்கிறார். தோலை உரிக்கச் சூடு தண்ணீர் பக்கத்தில். கோடியக்கரையில் மீர்ஷிகார் எப்படியோ இங்கே இந்த அம்மா அப்படி. எத்தனை ஆயிரம் சுறா இவர் கையில் போயிருக்கும்! மூக்கையும் பல்லையும் தொட்டே அறிந்தவர். இந்தக் கரையில் அந்தச் சுறா இன்னும் இருந்தால் அதை முதலில் காணப்போவது ஆய்வுக் கப்பல் அல்ல, இந்தக் கட்டை. அவர் பெயர் எந்த ஆய்வுத் தாளிலும் நன்றிப் பட்டியலில்கூட வராது.

"அம்மா, மூக்கு நீட்டா, இறக்கை நுனி கருப்பா ஒரு சுறா முன்ன இங்க வருமாம். பாண்டி பேருலயே இருக்கு. பாத்திருக்கீங்களா?"

"நுனி கருப்பு தெனமும் வருது தம்பி. எது கேக்குற?"

கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். அருங்காட்சியகத்தில் சாராயத்தில் பல காலம் கிடந்து வெளுத்து விறைத்த மாதிரி. அவர் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு கைபேசியை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இது செத்து எம்மா நாளாச்சோ. கலரு போயிடுச்சு, கண்ணு உள்ள போயிடுச்சு. இதப் பாத்து எப்படி சொல்றது? பிடிச்ச உடனே எடுத்தது ஒண்ணு காட்டு, சொல்றேன்."

அப்படி ஒரு படம் என்னிடம் இல்லை. இல்லை என்றேன். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சுறாவின் வாலைப் பிடித்துக் கட்டைமேல் போட்டார்.

"வூட்ல புள்ள பெத்தவங்க யாராவது இருக்காங்களா? இருந்தா சொல்லு, இளசா ஒரு கூறு எடுத்து வெக்கிறேன்."